அமெரிக்காவுக்குக் கிழக்கே போவதா, மேற்கே போவதா?

முப்பத்தோரு வருஷம் மீனம்பாக்கத்தில் டிஸ்பாட்ச் அறையில் உட்கார்ந்து விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டவன் நான். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: ரொம்ப தூரத்தில் இருக்கும் ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம். அவற்றிலிருந்து சில.

கேள்வி: மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். தலைப்பிரசவம். ஐப்பசியில் நான் கிளம்ப வேண்டும். வயது 66. மூட்டுவலி உண்டு. விமானத்தில் ஏறியதே இல்லை. மாப்பிள்ளை சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நியூயார்க் என்று டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு வாத்தியாரோ, "அமெரிக்கா மேற்கே இருக்கு, உங்களை எதுக்கு கிழக்கே கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்கிறார். எது பக்கம்? எவ்வளவு நேரம் ஆகும்?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

அம்மா, முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் நேர்த்தூரம் சுமார் 13,475 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தையும் ஒரே மூச்சில் பறக்கிற விமானம் சென்னையிலிருந்து கிடையாது. எங்காவது இறங்கி, வேறு விமானம் மாறித்தான் போக வேண்டும். எங்கே மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும்.

துபாய் வழியாகப் போனால் 2,930-ம் 11,000-ம் சேர்த்து 13,930 கிலோமீட்டர். லண்டன் வழி 13,770. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழி 13,780. மூன்றுமே நேர்த்தூரத்தைவிட ஐந்நூறு கிலோமீட்டருக்குள்தான் அதிகம். சிங்கப்பூர் வழியோ 2,920-ம் 15,350-ம் சேர்ந்து 18,270 ஆகிறது. கிட்டத்தட்ட 4,800 கிலோமீட்டர் கூடுதல். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஏழு தடவை போகிற தூரம் அது. வாத்தியார் கேட்டது நியாயமான கேள்வி.

மணிக்கணக்கு போட ஒரு எளிய வழி சொல்கிறேன், எல்லோரும் குறித்துக்கொள்ளலாம். கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். அந்த அரை மணி ஏறுவதற்கும் இறங்குவதற்கும். சிங்கப்பூர் நான்கு மணி நேரம், அங்கிருந்து நியூயார்க் பதினெட்டரை மணி நேரம் என்று வரும். துபாய் வழியில் நான்கும் பதின்மூன்றரையும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று இருப்பதால் அதைப் பதினான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே எதிர்க்காற்றையும் சேர்த்தால் பிராங்க்பர்ட் வழியில் முதலில் பத்து, பிறகு எட்டரை.

உங்கள் வயதுக்காரர் யார் கேட்டாலும் நான் மொத்தத் தூரத்தைப் பார்ப்பதில்லை. ஒரேயடியாக உட்கார வேண்டிய மிக நீளமான நேரம் எவ்வளவு என்றுதான் பார்ப்பேன். பிராங்க்பர்ட் வழியில் அது பத்து மணி நேரம். துபாய் வழியில் பதினான்கு. சிங்கப்பூர் வழியில் பதினெட்டரை. மூட்டுவலி உள்ளவரைப் பதினெட்டரை மணி நேரம் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. மாப்பிள்ளை ஏன் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தார் என்றும் புரிகிறது. அங்கே தமிழ் ஆட்சிமொழி. வழி கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார். நல்ல யோசனைதான். ஆனாலும் என் ஓட்டு ஐரோப்பாவுக்கு. டிக்கெட் போடும் முன்பு அந்த ஊரில் மாறிச் செல்ல டிரான்ஸிட் விசா வேண்டுமா என்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மாறுகிற இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி இருக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2011-இல் என் அக்கா பேத்தியைப் பார்க்கக் கனடாவுக்குப் போனார். டிக்கெட் போட்டது நான். ஒரு மணி பத்து நிமிஷ இடைவெளி போதும் என்று நினைத்துவிட்டேன். முதல் விமானம் ஐம்பது நிமிஷம் தாமதம். சக்கர நாற்காலி கொண்டுவர வேண்டிய ஆள் இன்னும் தாமதம். அடுத்த விமானம் போய்விட்டது. இரவு முழுக்க அந்த நிலையத்தில் ஒரு நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். ரத்த அழுத்த மாத்திரை, சரக்கு அறைக்குப் போன பெட்டிக்குள். அதனால்தான் சொல்கிறேன்: மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, ஒரு மாற்றுப் புடவை, மகளின் முகவரியும் எண்ணும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள், எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். எந்த நேரக் கணக்கில் மாத்திரை சாப்பிடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து கடைசி வரிசை வரை நடந்து வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நண்பர் மகனின் டிக்கெட்டைப் பார்த்தேன். சிங்கப்பூரில் 10-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் புறப்பட்டு, நியூயார்க்கில் அதே 10-ஆம் தேதி காலை 8.30-க்கு இறங்குகிறது. ஆறரை மணி நேரத்தில் அமெரிக்காவா?
— ஒரு வாசகர், காரைக்குடி

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆறரையோடு பன்னிரண்டைக் கூட்டுங்கள், பதினெட்டரை. சரியாகிவிட்டதா? குளிர்காலத்தில் வித்தியாசம் பதின்மூன்று. நமக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் விமானம் பிடிக்கப் போகிறவர்கள் இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு மாணவன். விமானம் போகும் பாதையைப் படத்தில் காட்டும்போது அது ஏன் வில் மாதிரி வளைந்து வடக்கே போகிறது? நேராகப் போனால் தூரம் குறையாதா? இந்தத் தூரத்தை நானே கணக்குப் போட முடியுமா?
— ஒரு மாணவர், குடியாத்தம்

தம்பி, இந்தக் கேள்வியை நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் கேட்டேன். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்துச் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் பென்சில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூத்த அதிகாரி ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த ஸ்கேலை வாங்கி மேஜை டிராயரில் வைத்தார். அறை மூலையில் ஒரு பெரிய பூகோள உருண்டை இருந்தது. டைப்ரைட்டர் மேஜையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து வந்து, "இதுல பிடி" என்றார். ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் பிடித்து இறுக்கினேன். நூல் தானாக வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்தின் தென்பகுதி, கனடா, பிறகு நியூயார்க். வரைபடத்தில் நான் போட்ட கோடோ அரபு நாடுகளையும் சகாரா பாலைவனத்தையும் தாண்டி அட்லாண்டிக் நடுவே போயிருந்தது. உருண்டையைத் தட்டையாக விரித்ததில் வந்த கோளாறு அது. இறுக்கிய நூல்தான் நிஜமான நேர்கோடு.

வீட்டில் பூகோள உருண்டை இல்லையென்றால் ஒரு சாத்துக்குடி போதும். காம்பு இருக்கும் இடம் வட துருவம். நடுவே சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடு, அது நிலநடுக்கோடு. நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி, அதே உயரத்தில் சாத்துக்குடியின் மறுபக்கத்தில் இன்னொரு புள்ளி. நூலை எப்படிப் பிடித்தாலும் காம்பு வழியாகப் போவதுதான் மிகக் குறைவாக வரும். பிடித்துப் பார், ஆச்சரியமாக இருக்கும்.

இனி கணக்கு. பொதுவான இரண்டு ஊர்களுக்குக் கோளத் திரிகோணமிதி வேண்டும், சைனும் கொசைனும் வரும். உனக்குத் தெரிந்ததை வைத்தே போடக்கூடிய ஓர் அருமையான ஜோடி இருக்கிறது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் கிழக்கே 104 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது. நியூயார்க் கென்னடி மேற்கே ஏறக்குறைய 74-இல். கூட்டினால் 178. அதாவது, பூமியின் கிட்டத்தட்ட நேர் எதிரெதிர்ப் பக்கங்கள். அப்படியென்றால் மிகக் குறுகிய வழி ஏறத்தாழ வட துருவத்தின் மேலேயே போக வேண்டும். சாங்கி வடக்கே 1.4 டிகிரி அட்சத்தில் இருப்பதால், அங்கிருந்து துருவம் வரை 88.6 டிகிரி. கென்னடி 40.6 அட்சத்தில் இருப்பதால், துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.4 டிகிரி. மொத்தம் 138. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது 111.2 கிலோமீட்டர். பெருக்கு. 15,345 சொச்சம் வரும். நான் மேலே அம்மாவுக்குச் சொன்ன 15,350-க்கு எவ்வளவு கிட்டே வந்துவிட்டாய் பார்!

இன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு நிற்காமல் பறக்கிற வழித்தடங்களில் மிக நீளமானது இதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்குக்கும், 2020 நவம்பரில் கென்னடிக்கும் தொடங்கியது. நுவார்க்குக்குப் போன ஏ350 விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள். சாதாரண வகுப்பே வைக்கவில்லை. காரணம் எரிபொருள். அந்த ரகத்தின் டேங்குகளில் 1,65,000 லிட்டர் கொள்ளும். இவ்வளவு நீளப் பயணத்தில், முதல் சில மணி நேரம் எரிக்கிற எண்ணெயில் கணிசமான பங்கு மீதி எண்ணெயைச் சுமக்கவே செலவாகிறது. அதனால் ஆளைக் குறைத்து எண்ணெயை ஏற்றுகிறார்கள்.

உனக்குப் பிடிக்கும் என்று இன்னொன்றும் சொல்கிறேன். கணக்கில் துருவம் வழி வந்தாலும் நிஜத்தில் விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைத் தாண்டி வட அமெரிக்காவுக்குள் நுழையும். கிலோமீட்டர் கூடும், ஆனால் முதுகில் காற்று கிடைக்கும். திரும்பும்போது சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே சிங்கப்பூர் வந்துசேரும். போகவும் கிழக்கே, வரவும் கிழக்கே. பயணி பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பார்.

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் போகப் பதினொரு மணி நேரம், வர பத்து. அதே தூரம்தானே? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் இப்படியா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பூமி சுழலும்போது காற்றும் கூடவேதான் சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது. அதனால் சுழற்சி நேரடியாக எதையும் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. ஓடும் ரயிலுக்குள் முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் ஒரே நேரம்தான் ஆகும், அது போல. விஷயம் ஜெட் ஸ்ட்ரீம். தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும் காற்று. துருவத்துக் குளிருக்கும் வெப்ப மண்டலச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பிறந்து, பூமியின் சுழற்சியால் கிழக்கே திரும்புகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும்.

எங்களுக்கு வருகிற காற்று வரைபடத்தில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தாள் முழுக்கச் சின்னச் சின்ன அம்புகள். அம்பின் வாலில் இறகு மாதிரிக் கோடுகள். ஒரு முழுக் கோடு என்றால் 10 நாட் வேகம், அரைக் கோடு 5, கருப்பு முக்கோணம் 50. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். வரைபடத்தைக் கையில் வாங்கியதும் நாங்கள் ஊர்ப் பெயரைத் தேட மாட்டோம், முக்கோணங்களைத்தான் தேடுவோம். இரண்டு முக்கோணம் சேர்ந்து நிற்கிற இடம் தெரிந்தால், கிழக்கே போகிறவனை அங்கே அனுப்பு, மேற்கே போகிறவனை அங்கிருந்து விலக்கு. அவ்வளவுதான் என் உத்தியோகத்தின் பாதி.

காற்றில் விமானத்தின் வேகம் 900 என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 100 என்றால் தரைக்கு மேலே அது போகிற வேகம் 800. பின்காற்று 100 என்றால் 1,000. 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ 4 மணி 56 நிமிஷத்தில் இறங்கியது. வழியில் தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டது என்று பலர் சொன்னார்கள். காற்றோடு ஒப்பிட்டால் அது தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி: எங்கள் அப்பப்பா காலி நகரில் கடை வைத்திருந்தவர். சண்டைக் காலத்தில் கொக்கல வாவியில் தண்ணீரில் இறங்கும் விமானங்கள் வந்ததென்றும், அவை அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரே பறப்பில் வந்தவை என்றும் சொல்லுவார். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் பறக்க ஏலுமோ?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

ஐயா, அப்பப்பா சொன்னது உண்மை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அதைக் கண்ணால் பார்த்த மனிதரின் பேரன் எழுதுகிறீர்கள்!

1942 பிப்ரவரியில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான விமான வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க, 1943 நடுவிலிருந்து ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் கேட்டலினா என்ற நீர்விமானங்களை, அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கும் இலங்கையின் தெற்கே காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலவுக்கும் இடையே பறக்கவிட்டது. தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர், முழுக்க இந்தியப் பெருங்கடல். வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் அளவுதான். ஆகவே 28-லிருந்து 32 மணி நேரம் பிடித்தது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிஷம். இப்போதைய விமானத்துக்கு அது ஏழு மணி நேர வேலை.

நேரக் கணக்கில் வாழ்ந்தவன் என்பதால், அந்தப் பயணங்களுக்கு யார் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எரிபொருளுக்காக எல்லாப் பாரத்தையும் குறைத்துவிட்டார்கள். அதிகபட்சம் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் இடம் கணிக்க வேண்டும். பாதி வழியில் காற்று எதிரே திரும்பினால் சுற்றிலும் கடல்தான். இப்படி 1945 வரை 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

வழியில் இரண்டு சூரிய உதயம் பார்த்துவிடுவார்கள். அதனால் பயணிகளுக்கு 'இரட்டை உதயத்தின் ரகசிய அணி' என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த நினைவில்தான் குவாண்டாஸ் இப்போது தயாராகிவரும் திட்டத்துக்கும் 'ப்ராஜெக்ட் சன்ரைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. சிட்னியிலிருந்து லண்டன், சுமார் 17,000 கிலோமீட்டர், நிற்காமல். இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும், சில நாள் இருபத்திரண்டு வரை போகலாம். இதற்கு ஒத்திகையாக 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்குச் சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள், 19 மணி 19 நிமிஷம் ஆனது. 1947-இல் இதே இரண்டு ஊர்களுக்கும் நடுவே அவர்கள் சேவை தொடங்கியபோது, கல்கத்தா, கராச்சி, கெய்ரோ என்று இறங்கி இறங்கி நான்கு நாள் ஆயிற்று. கேட்டலினா கிளம்பிய அதே பெர்த்திலிருந்து 2018 மார்ச்சிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் போகிறது. 14,500 கிலோமீட்டர், பதினேழு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

அப்பப்பா வேறு ஏதும் சொல்லியிருந்தால் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். அந்த வாவியில் விமானம் தண்ணீரைத் தொடும் சத்தம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறாரா?

கேள்வி: டெல்லியிலிருந்து லண்டன் போகும் மகன், விமானம் முன்பைவிட அதிக நேரம் எடுப்பதாகச் சொல்கிறான். தூரம் எப்படிக் கூடும்?
— ஒரு வாசகர், ஓமலூர்

ஊர்கள் நகரவில்லை, வானம் மூடிக்கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இந்திய நிறுவன விமானம் என்றால் தெற்கே இறங்கி அரபிக்கடல் மேலே சுற்றித்தான் மேற்கே போயாக வேண்டும். குடியாத்தம் தம்பிக்குச் சொன்ன நூலில் எத்தனை நாட்டின் பெயர் வந்தது என்று பாருங்கள். அதில் ஒரு நாடு கதவைச் சாத்தினாலும் நூல் அறுந்துவிடும். எனக்குத் தெரிந்து இதில் மிகவும் அடிபட்டது பின்லாந்தின் ஃபின்ஏர். 2022-இல் ரஷ்யாவின் வானம் மூடியதும் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் பதின்மூன்றாகிவிட்டது. ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு வட துருவத்தின் மேலேயே போனார்கள். துருவத்தைத் தாண்டியதற்குப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் தந்தார்கள்.

கேள்வி: டிக்கெட்டில் நான்கே கால் மணி நேரம் என்று போட்டிருந்தது. விமானி ஒலிபெருக்கியில் "பறக்கும் நேரம் 3 மணி 40 நிமிஷம்" என்றார். எது சரி?
— ஒரு வாசகி, சிதம்பரம்

இரண்டும் சரி. விமானி சொன்னது சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை. டிக்கெட்டில் இருப்பதை நாங்கள் பிளாக் டைம் என்போம். நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நிமிஷத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் நிமிஷம் வரை அந்தக் கணக்கு. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் வாசல் கிடைக்கும் வரை நிற்பது எல்லாம் அதில் அடக்கம். கூடவே பத்துப் பதினைந்து நிமிஷம் கையிருப்பாகவும் சேர்த்துக்கொள்வார்கள்.

அழைத்துப்போக வருகிறவர்கள் கட்டை வைக்கும் நேரத்தையும் நம்பிவிடக் கூடாது. அதற்குப் பிறகுதான் குடியேற்றச் சோதனை, பெட்டி வருவது, சுங்கம். அம்பாசமுத்திரம் அம்மாவின் மகள் இதைப் படித்தால் அவருக்கு ஒரு சேதி: சக்கர நாற்காலி கேட்டவர்களைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் இறக்குவார்கள். கூட்டம் முழுக்க வெளியே வந்தும் அம்மாவைக் காணோமே என்று பதற வேண்டாம். விமானம் இறங்கி இரண்டு மணி நேரம் வரை பொறுத்திருங்கள். நிறைமாதத்தோடு வாசலில் நிற்க வேண்டாம், உட்கார்ந்திருங்கள், மாப்பிள்ளை நிற்கட்டும்.